பச்சைக் கதவு

அன்பு மகனுக்கு,

போன கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. தன் அப்பா சின்ன வயதில் சண்டைக்குள் எப்படி இருந்தார் என்று பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் எழுதக் கொடுத்திருக்கிறார்கள் என்றாய். நீ அவளுக்கு நாங்கள் பதுங்கிக் கிடந்த பங்கரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். குப்புறப் படுக்கச் சொன்னாலும் மல்லாந்து கிடப்பாயாம், மேலே பச்சையாக இருக்குமாம். "அம்மா, எங்கட பங்கருக்கு ஏன் பச்சைக் கூரை?" என்றாய். அப்பா எங்கேயோ பலகை வாங்கினவர் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அது பலகை இல்லை மகன், கதவு.

1990 ஆனியில் ஆமிக்கும் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கும் சண்டை திரும்பத் தொடங்கியதும் அப்பா பின்வளவில் 'ட' வடிவில் பங்கர் வெட்டினார். மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. கரண்ட் இல்லை, ரயில் இல்லை. பற்றரி, சவர்க்காரம், மெழுகுதிரி எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக் குழாயில் திரி கோத்து விளக்கெரித்தோம். அந்த வெளிச்சத்தில்தான் நீ அ, ஆ எழுதினாய். உடுப்புத் தோய்க்கப் பனம்பழம். செய்தி கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும், டைனமோவில் ரேடியோ பாடும். இதையெல்லாம் நான் உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். எங்களுக்கு நடந்ததைச் சொல்ல எனக்கு ஒருநாளும் நாக்குத் தடுக்கியதில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றதைத்தான் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்து ஓட்டுமடத்தில் எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த தையல்கார நானாவை உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நீ முதலாம் வகுப்புக்குப் போட்ட நீலக் காற்சட்டை அவர் தைத்தது. பெருநாளுக்கு அவர் மனைவி வட்டிலப்பம் கொண்டு வருவார், நீ கிண்ணத்தை விரலால் வழித்து நக்குவாய். அவர்களின் மகளும் நீயும் ஒரே வயது. பிறகு அவள் எங்கே என்று நீ கேட்டபோது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றேன்.

அவர்கள் போகவில்லை, அனுப்பப்பட்டார்கள். 1990 ஒக்டோபர் 30 காலையில் சோனகத் தெருப் பக்கம் லவுட்ஸ்பீக்கர் கத்தியது. முஸ்லிம்கள் எல்லோரும் ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்து மைதானத்துக்கு வரட்டாம். அங்கே வைத்து இயக்கம் சொன்னது, இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போக வேண்டும் என்று. போகிற வழியில் நகையையும் காசையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த ஐப்பசியில் வடக்கு முழுவதிலுமிருந்து விடுதலைப் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம்கள் 70,000 பேருக்கும் மேல். அநேகம்பேர் போய்ச் சேர்ந்தது புத்தளத்து முகாம்களுக்கு.

அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் நானாவின் மகள் எங்கள் படலைக்கு ஓடி வந்தாள். கையில் என் சட்டைத் துணி. உடம்பு தைத்திருந்தது, கை இரண்டும் தைக்கவில்லை. ஊசி நூலோடு அப்படியே குத்தி நின்றது. "வாப்பா குடுக்கச் சொன்னவர், முடிக்க நேரமில்லையாம்" என்றாள். ஊரை விட்டுத் துரத்துகிற நேரத்தில் அந்த மனிதர் என் துணியை நினைத்திருக்கிறார். நான் வாங்கிக்கொண்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைக்கு ஒரு மிடறு தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. சந்தியில் துவக்கோடு பொடியங்கள் நின்றார்கள், பயம்தான். ஆனால் பயம் மட்டும்தானா என்று இத்தனை வருடமாக என்னையே கேட்கிறேன். எங்களை இல்லைத்தானே என்று ஒரு நிம்மதியும் இருந்தது மகன். அதை உனக்கு மறைக்க மாட்டேன்.

அந்த மாரி மழையில் பங்கர் வாசல் இடிந்து விழுந்தது. பனங்குற்றி கிடைக்கவில்லை. துரத்தப்பட்டவர்களின் வீட்டுக் கதவு, யன்னல், ஓடு எல்லாம் அதற்குள் விலைக்கு வந்துவிட்டன. அப்பா ஒரு பச்சைக் கதவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். யார் வீட்டுக் கதவென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "நாங்கள் வாங்காட்டில் வேற ஆரும் வாங்குவினம், பிள்ளையின்ர உயிரல்லோ" என்றார். தாழ்ப்பாள் அதிலேயே இருந்தது. குண்டு போடுகிற பொம்மர் சுற்றும்போது அதற்குக் கீழேதான் உன்னை அணைத்துக்கொண்டு கிடந்தேன். அது உன்னைக் காப்பாற்றியது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பிறகு 1995. ஆடியில் நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் இருந்த சனத்துக்கு மேல் விமானப்படை குண்டு போட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதே வருடம் ஒக்டோபர் 30, ஓம், அதே திகதி, லவுட்ஸ்பீக்கர் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. ஆமி வருகிறான், எல்லோரும் வெளிக்கிடுங்கள் என்று. வலிகாமம் முழுக்க, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம், மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு. உனக்குப் பத்து வயது, உனக்கே தெரியும். படலையைப் பூட்டித் திறப்பை எடுத்தபோதுதான் அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு வந்தது. ஐந்து வருடத்தில் அதற்கு முன் ஒரு நாளும் வரவில்லை. 1996இல் திரும்பி வந்து பார்க்க எங்கள் வீட்டிலும் கதவில்லை. திறப்பு மட்டும் கையில்.

2002இல் பாதை திறந்த பிறகு நானாவின் மனைவி வளவு பார்க்க வந்தார். நானா புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டாராம். "நிலை கூட இல்லை அக்கா, சுவருக்குள்ள ஆலங்கன்று நிக்குது" என்றார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். தம்பி எப்படி இருக்கிறான் என்று உன்னைத்தான் முதலில் கேட்டார். கதவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், அப்பா என்னைப் பார்த்தார், விட்டுவிட்டேன். இப்போது அப்பாவும் இல்லை.

நானாவின் மகளின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. மார்கழியில் நீங்கள் வரும்போது ஒரு வான் பிடித்துப் புத்தளம் போவோம். தாய்க்கும் வயதாகிவிட்டது, நாள் கடத்த ஏலாது. என்ன சொல்வாரோ தெரியாது, சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருப்பேன். நீ பக்கத்தில் இருந்தால் போதும்.

பேத்தி கொப்பியில் பலகை என்று எழுதியிருந்தால், வெட்டிவிட்டுக் கதவு என்று எழுதச் சொல்லு.

அன்புடன்,
அம்மா