தலைவர்மாரே, சங்க அலுவலக அலுமாரிகளைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்

மலையகத் தொழிற்சங்கங்களின் தலைவர்களுக்கும், பொதுச் செயலாளர்களுக்கும், ஹட்டன், தலவாக்கலை, பதுளை, கண்டி அலுவலகங்களில் நாற்காலியில் இருக்கிற எல்லோருக்கும்,

வணக்கம். சம்பளம் பற்றி எழுதப் போவதில்லை, பயப்படாமல் படிக்கலாம். மலையகத்துக்கென்று, இந்தத் தேயிலைத் தோட்டச் சனத்துக்கென்று வந்த பத்திரிகைகள் எங்கே போயின, அவை போனதில் உங்களுக்கு என்ன பங்கு, இப்போது நீங்கள் என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம். நான் சில வருஷம் ஹட்டன் பக்கம் ஒரு பத்திரிகைக்குப் பிராந்திய நிருபராக ஓடித் திரிந்தவன். அதனால் கொஞ்சம் உரிமையோடுதான் பேசுகிறேன்.

எந்த மாதத்துப் பத்திரிகையைப் புரட்டினாலும் இந்தச் செய்தி கண்ணில் படும்: குளவிக் கொட்டுக்கு இலக்காகிப் பெண் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி. தோட்டத்தின் பெயர், எத்தனை பேர், எந்த வைத்தியசாலை, சிகிச்சை பெற்று வருகின்றனர், முடிந்தது. ஐந்தாறு வரி. இதை நானே பல தடவை எழுதியிருக்கிறேன், தோட்டத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்கிற அளவுக்கு நிருபர்களுக்கு அது மனப்பாடம். அந்த மலையில் கூடு கட்டியிருப்பதை யாராவது முன்னமே கங்காணியிடம் சொன்னார்களா, சொன்னதை ஆபிஸில் யாராவது எழுதி வைத்தார்களா, கொட்டு வாங்கிக்கொண்டு கீழே இறங்கியவர்களுக்கு அன்றைக்கு முழுப்பேர் போட்டு முழுநாள் சம்பளம் கொடுத்தார்களா, அரைப்பேர் போட்டு அரைநாளாக்கினார்களா, ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸ் வந்ததா இல்லை கொழுந்து லொறியில்தான் ஏற்றினார்களா, இதில் ஒன்றுகூட அந்த ஐந்தாறு வரியில் வராது. கொழும்பில் பக்கம் போடுகிறவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை, நாடு முழுவதிலும் இருந்து வருகிற செய்திகளுக்கு நடுவில் எங்களுக்கு அவர் ஒதுக்கக்கூடிய இடம் அவ்வளவுதான். ஆனால் அந்தத் தோட்டத்தில் இருக்கிறவருக்கு இந்தக் கேள்விகள்தான் செய்தி. இதைக் கேட்பதற்குத்தான் உள்ளூரில் ஒரு பத்திரிகை வேண்டும் என்கிறேன்.

இல்லாமலே இருந்திருந்தால்கூட மனம் ஆறும். இருந்து போனதுதான் வயிற்றெரிச்சல்.

நீங்கள் எல்லோரும் மேடையில் கோ. நடேசய்யரின் பெயரைச் சொல்கிறீர்கள், படத்துக்கு மாலை போடுகிறீர்கள். நல்லது. ஆனால் அந்த மனிதர் என்ன வரிசையில் வேலை செய்தார் என்று கொஞ்சம் பாருங்கள். அவர் நடத்திய தேசநேசன் பத்திரிகை 1921. தேசபக்தன் 1924. ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தது 1931. சம்மேளனத்துக்குப் பத்து வருஷம் முன்னாலேயே கையில் பத்திரிகை இருந்தது. துரை எழுதிக் கொடுக்கிற துண்டுச் சீட்டு இல்லாமல் ஒருவர் தோட்டம் மாற முடியாது என்ற முறையைச் சட்டம் ஒழித்ததும் 1921இல்தான் என்பதை நினைத்தால், அவர் பேனாவைத் திறந்த காலம் எப்படிப்பட்டது என்று புரியும். தோட்டம் துரையின் சொந்த இடம், வெளியாள் கால் வைத்தால் அத்துமீறல். புடவை வியாபாரியாக மூட்டை தூக்கிக்கொண்டு, தொழிலாளர் இருக்கிற வரிசை வீடுகளான லயத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். வாசிக்கத் தெரியாத சனத்துக்குப் பத்திரிகை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஒருவர் வாசித்தால் பத்துப் பேர் கேட்பார்கள். அதற்கும் மேலே அவர் மனைவி மீனாட்சி அம்மை, தேசபக்தனிலும் உழைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரிந்த மெட்டுகளில் பாட்டுக் கட்டி, அதைக் கூட்டங்களில் பாடி, அச்சடித்தும் கொடுத்தார். இன்றைக்குச் சங்கங்களில் மாதர் அணித் தலைவி என்றால் மாலையோடு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் என்று ஆகிவிட்டது, அதை வேறொரு கடிதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். 1948இல் எங்கள் சனத்தின் குடியுரிமை போனது, அதோடு வாக்கும் போனது. வாக்கில்லாதவர்கள் படிக்கிற பத்திரிகைக்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள், எந்த அரசியல்வாதி அதைப் பார்த்துப் பயப்படுவார்? 1964இல் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்தன. அத்தனை பேரும் போய்ச் சேரவில்லை என்பது வேறு விஷயம், ஆனால் போனவர்களில் வாசகர்கள் இருந்தார்கள். பத்திரிகை வாங்கியவர், அதற்குக் கவிதை அனுப்பியவர், சலூனில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டியவர் என்று எத்தனையோ பேர் ஹட்டன் ஸ்டேஷனில் பெட்டி படுக்கையோடு ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஊர் வேண்டும். எங்கள் ஊரில் பாதியைக் கப்பலேற்றிவிட்டார்கள்.

இதற்கு நடுவிலும் ஆட்கள் விடவில்லை, அதுதான் ஆச்சரியம். கண்டியிலிருந்து ‘செய்தி’ என்ற பத்திரிகை வந்தது, ‘மலைமுரசு’ வந்தது. கொழும்பில் இருந்துகொண்டே எஸ்.எம். கார்மேகம் வீரகேசரியில் தோட்ட மஞ்சரி என்று ஒரு பகுதியைத் தோட்டத்துப் பிள்ளைகளின் எழுத்துக்காகவே நடத்தினார். எண்பதுகளில் தீர்த்தக்கரை, தோட்டப் பிரதேசங்களுக்கான கூட்டுச் செயலகம் என்ற தொண்டு அமைப்பின் குன்றின் குரல், பிறகு ஹட்டனில் நந்தலாலா, அதற்கும் பிறகு வீரகேசரி நிறுவனத்தின் சூரியகாந்தி. இதில் சில இலக்கியச் சஞ்சிகைகள், சில செய்திப் பத்திரிகைகள், ஒன்றாகப் போடக் கூடாது என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நோய் இருந்தது. ஒன்றை ஒரு கொழும்புக் கம்பனி தாங்கிப் பிடித்தது, இன்னொன்றை ஒரு தொண்டு நிறுவனம், இன்னொன்றை நாலைந்து ஆசிரியர்மார் தங்கள் சம்பளத்தில் இருந்து. வாசகர் கொடுத்த காசில் மட்டும் நின்ற பத்திரிகை என்று ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. தாங்கிய கை எடுபட்டதும் பத்திரிகை விழுந்துவிடும்.

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1959இல் ஈழநாடு தொடங்கியது, 1981இல் எரித்தார்கள், மறுபடியும் அடித்தார்கள். 1985இல் உதயன் வந்தது, யுத்தம் முழுவதும் அச்சடித்துக்கொண்டே இருந்தது. அங்கே கடை இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது, வெளிநாட்டில் சொந்தம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே காலையில் பேப்பர் வராவிட்டால் கோபப்படுகிற சனம் இருக்கிறது. எங்களுக்குக் கொழும்பில் இரவு அச்சடித்த பத்திரிகை காலையில் டவுனுக்கு வரும், டவுனில் இருந்து தோட்டத்துக்கு யாராவது பஸ்ஸில் கையோடு கொண்டுபோனால்தான் போகும், போய்ச் சேரும்போது கொழுந்து நிறுத்து முடிந்து பின்னேரமாகியிருக்கும். ஒரு பிரதி வாங்குகிற காசுக்கு வீட்டில் ஒரு நேரத்துக்குப் பாண் வாங்கலாம் என்றால் யார் எதை வாங்குவார்கள்?

இனி உங்கள் பத்திரிகைகளுக்கு வருகிறேன். மலையகத்தில் ஒழுங்காகப் பணம் சேருகிற இடம் ஒன்று உண்டென்றால் அது சங்கம்தான். மாதாமாதம் தோட்ட ஆபிஸே சம்பளத்தில் சந்தாவைக் கழித்து உங்களுக்கு அனுப்பிவந்தது, வீடு வீடாகப் போய் வசூலிக்கிற தொல்லைகூட இருக்கவில்லை. ஆகவே பத்திரிகை நடத்த வசதி உள்ளவர்களும் நீங்கள்தான், நடத்தவும் நடத்தினீர்கள். முன்பக்கம் முழுக்கத் தலைவர், உள்பக்கத்தில் மற்றச் சங்கத்துக்கு வசை, நடுவில் பிறந்தநாள் வாழ்த்து. சங்கம் இரண்டாகப் பிளந்தால் பத்திரிகையும் இரண்டாகும், கொஞ்ச நாளில் இரண்டும் நிற்கும்.

ஆனாலும் அந்தப் பத்திரிகைகளை நான் கிண்டல் செய்ய வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கப் பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்திருந்தார், கட்டிலுக்கு அடியில், உரப்பையில் போட்டு. ஒரு நாள் உட்கார்ந்து புரட்டினேன். முன்பக்கத்தைத் தாண்டிப் பின்பக்கத்துக்குப் போனால் பொடி எழுத்தில் தோட்டத்துச் செய்திகள் ஓடுகின்றன. இன்ன டிவிஷனில் லயத்துத் தகரம் மாற்றவில்லை, இன்ன தோட்டத்தில், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் பால் நிறுத்திவிட்டார்கள், காலையில் வேலை பிரிக்கிற பிரட்டில் பேசினதற்காக ஒருவரை வேலையில் இருந்து நிறுத்திவிட்டார்கள், தொழில் நீதிமன்றத்தில் வழக்கு இந்த மாதம் தவணை. தோட்டத் தலைவர் ஒருவர் கார்பன் வைத்து எழுதி அனுப்பியதை யாரோ ஒருவர் பிழை திருத்திப் போட்டிருக்கிறார். வேறு எங்கேயும் பதிவாகாத வாழ்க்கை அது. எங்கள் தாத்தா பாட்டி பெயர்கள் அச்சில் வந்திருந்தால் அந்தப் பின்பக்கத்தில்தான் வந்திருக்கும். கரையான் பாதியைத் தின்றுவிட்டது.

2023இல் எங்கள் ஆட்கள் இந்தியாவில் இருந்து வந்து இருநூறு வருஷம் என்று கொண்டாடினோம், தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் சனம் நடந்தது. நீங்களும் விழா எடுத்தீர்கள், மலர் போட்டீர்கள். அந்த மலர்களுக்கு எழுதியவர்கள் பழைய பத்திரிகை தேடி எங்கே போனார்கள் தெரியுமா? கொழும்பில் சுவடிகள் திணைக்களத்துக்கு, அல்லது இணையத்தில் நூலகம் தளத்துக்கு. உங்கள் அலுவலகத்துக்கு யாரும் வரவில்லை, வந்தாலும் அலுமாரித் திறப்பு யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியாது.

உள்ளூர்ப் பத்திரிகை இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பவர்களுக்கு மீரியபெத்தை என்று ஒரே வார்த்தைதான் பதில். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் அந்த மலை சரிந்தது. அது ஆபத்தான இடம், சனத்தை அங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, கடிதம் இருந்தது, கோப்பு இருந்தது. வாரா வாரம் அந்தக் கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்டு எழுத ஒரு பத்திரிகை அங்கே இல்லை. சரிந்த பிறகு கொழும்பில் இருந்து எல்லாக் கெமராவும் வந்தது. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் மண்ணுக்குள் என்றார்கள், பிறகு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. எந்த லயத்தில் யார் இருந்தார்கள் என்று அடித்துச் சொல்ல ஆளில்லாமல் போன இடம் அது. பத்திரிகை இருந்திருந்தால் மலை சரியாமல் இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. சரியப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்கிறேன்.

இப்போது பேஸ்புக் இருக்கிறதே, வட்ஸ்அப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மரணம் பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறது, பஸ் குடைசாய்ந்தால் லைவ், சிறுத்தை வந்தால் லைவ். அடுத்த நாள் யாரும் போவதில்லை. போனால் பெட்ரோல் காசு யார் கொடுப்பது? அந்தக் காசைத்தான் நீங்கள் கொடுக்கிறீர்கள், உங்கள் கூட்டத்துக்கு வருவதற்கு மட்டும். ஒரு முறை ஒரு சங்க அலுவலகத்தில் இருந்து போன் வந்தது, பொன்னாடை போர்த்துகிற படத்தில் தலைவரின் முகம் மறைந்துவிட்டதாம், வேறு படம் அனுப்புகிறோம், அதைப் போடுங்கள் என்று. அதே வாரம் அதே டவுனுக்கு மேலே ஒரு லயம் எரிந்திருந்தது, அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிராந்திய நிருபருக்குச் செய்தி ஒன்றுக்கு இவ்வளவு என்று கிடைக்கிற காசில் போன் கார்ட் போடவே காணாது, ஆகவே அவரும் உங்கள் வான் வண்டியில் ஏறிவிடுகிறார், அறிக்கை அப்படியே செய்தியாகிவிடுகிறது.

ஆகவே கேட்கிறேன். புதிதாக ஒரு சங்கப் பத்திரிகை தொடங்காதீர்கள், தயவு செய்து. அதற்குப் பதிலாக, போட்டி போடுகிற நீங்கள் எல்லோரும் சந்தாவில் இருந்து ஒரு சின்னப் பங்கை ஒரே பொது நிதியில் போடுங்கள். ஆசிரியரை நியமிக்கிற உரிமை உங்களில் ஒருவருக்கும் இருக்கக் கூடாது. நுவரெலியாவுக்கு ஒரு பொதுப் பத்திரிகை, பதுளைக்கு ஒன்று, வாரம் நாலு பக்கம் போதும். 2022இல் கடதாசி இல்லாமல் தி ஐலண்ட், திவயின மாதிரிப் பத்திரிகைகளின் அச்சு தடைப்பட்டதை நானும் பார்த்தேன், அச்சு கஷ்டம் என்றால் போனில் வாசிக்கிற மாதிரி வரட்டும், பிரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டுவதற்கு மட்டும் சில பிரதிகள் அடிக்கட்டும். இரண்டு மூன்று நிருபர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தில் ஒரு விண்ணப்பத்தை எழுதிப் போட்டுவிட்டுப் பதில் வரும்வரை விடாமல் துரத்த அவர்களுக்கு நேரம் இருக்கும்.

எங்கள் காசில் நடக்கிற பத்திரிகை எங்களையே திட்டுமே என்று உங்களில் ஒருவர் இப்போதே முணுமுணுப்பது கேட்கிறது. திட்டும். அந்தக் காசு உங்களுடையது இல்லை ஐயா, மழையில் றப்பர் சீட்டைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிற பெண்ணுடையது. கம்பனிகளோடு செய்த கூட்டு ஒப்பந்தத்தில் என்ன கையெழுத்துப் போட்டீர்கள் என்று அவர் வாசித்துத் தெரிந்துகொள்ளட்டுமே.

பொது நிதி பற்றிப் பேச உங்களுக்கு நாள் எடுக்கும், தெரியும், செயற்குழு கூட வேண்டும், ஒருவர் இந்தியாவில் இருப்பார், இன்னொருவர் கோபத்தில் இருப்பார். அலுமாரிக்கு அதெல்லாம் தேவையில்லை. உங்கள் அலுவலகங்களில் கிடக்கிற பழைய பத்திரிகைக் கட்டுகளை ஸ்கேன் பண்ணி எல்லோரும் பார்க்கிற மாதிரிப் போடுவதற்குப் பிள்ளைகள் சிலர் தயாராக இருக்கிறார்கள், சம்பளம் கேட்கவில்லை, பகல் சாப்பாடு கொடுத்தால் போதும். பக்கங்களை எடுத்துப்போக மாட்டோம், அங்கேயே வைத்துச் செய்துவிட்டுக் கட்டித் தந்துவிடுவோம். இந்தக் கடிதத்துக்குப் பதிலை அறிக்கையாகப் பத்திரிகைகளுக்கு அனுப்ப வேண்டாம். திறப்பு யார் கையில் இருக்கிறது, எந்தக் கிழமை வரலாம், அதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பழைய பிராந்திய நிருபர் ஒருவன்
ஹட்டன்