முன்பணம் இல்லாமல் எலிவேட்டைத் திட்டம் நடக்காது: நிதிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வனவுயிர்ப் பாதுகாப்பு நிதிக்குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள இருளர் பழங்குடிக் குழு ஒன்றுக்காக, எலிவேட்டைக் கருவிகள் வாங்க நிதி கேட்டு நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்துக்கு உங்கள் பதில் வந்தது. திட்டத்தை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை இருக்கிறது. கருவிகளை முதலில் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டும், ஜிஎஸ்டி பில்லோடு கணக்கு கொடுக்க வேண்டும், நீங்கள் சரிபார்த்த பிறகு பணம் வரும். இதை மாற்றி, முதல் தவணையை முன்பணமாகக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

திட்டத்தை நீங்கள் படித்திருக்கிறீர்கள். நெல் வயலில் எலிமருந்து வைத்தால் அது எலியோடு நிற்பதில்லை. மருந்து தின்ற எலியைப் பிடிக்கும் கூகைக்கும் பாம்புக்கும் அந்த நஞ்சு போய்ச் சேர்கிறது. இருளர்கள் வேட்டையாடும் வயலில் நஞ்சுக்கு வேலையே இல்லை. வளையின் வாயைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். மற்ற வழிகளை அடைத்து, பானையில் வைக்கோலைக் கொளுத்திப் புகை விட்டு, கடப்பாரையால் தோண்டிப் பிடிப்பார்கள். எலி கறியாகும், வளைக்குள் சேர்ந்த நெல் உலைக்குப் போகும். அந்தப் பானையின் ஓட்டையில் வாய் வைத்து ஊத வேண்டியிருப்பதுதான் கொடுமை. உதடும் கையும் சுட்டுப்போகின்றன, புகை நெஞ்சுக்குள் போகிறது. பெண்களும் இந்த வேலையைச் செய்கிறார்கள். கையால் சுற்றும் இரும்புப் புகைக்கருவி, முழங்கால் வரை மூடும் பூட்ஸ், டார்ச் லைட். நாங்கள் கேட்டது இவ்வளவுதான்.

இதற்கான பணத்தை அவர்கள் எங்கிருந்து கொண்டுவருவார்கள் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்டீர்களா? பட்டா இல்லாதவருக்கு வங்கி கடன் தராது. சாதிச் சான்றிதழுக்கே ஆண்டுக்கணக்கில் அலையும் மக்கள் இவர்கள். இருளருக்கு யோசிக்காமல் முன்பணம் கொடுக்கிறவர்கள் செங்கல் சூளைக்காரர்களும் அரிசி ஆலைக்காரர்களும்தான். அந்தப் பணத்தை வாங்கினால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமே சூளைக்குப் போகும். கடன் குறையாது. ஊர்த் திருவிழாவுக்கும் வர முடியாது, சாவுக்கும் வர முடியாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதன் பிறகும் சூளைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களை மீட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். உங்கள் நிதியைப் பெறுவதற்காக அவர்களை அந்த வாசலில் போய் நிற்கச் சொல்வீர்களா? உங்கள் எண்ணம் அதுவாக இருக்காது. ஆனால் நிபந்தனை அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. அதனால்தான் முன்பணமாகக் கொடுங்கள் என்று திரும்பவும் கேட்கிறேன்.

பில் விஷயமும் அப்படித்தான். கடப்பாரை அடித்துத் தரும் பட்டறைக்காரர் எந்த ஜிஎஸ்டி பில் தருவார்? ஊராட்சித் தலைவரும் பள்ளித் தலைமையாசிரியரும் கையெழுத்திட்ட ரசீதை ஏற்றுக்கொண்டால் என்ன?

இந்த மக்கள் கணக்குக்குக் கட்டுப்பட மாட்டார்கள் என்ற பயம் உங்களுக்கு இருந்தால், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருளர்களின் பாம்புச் சங்கம் இருக்கும் வடநெம்மேலிக்குப் போய்ப் பாருங்கள். 1972 வனவுயிர்ச் சட்டமும் 1976 பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது, தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இவர்களின் பிழைப்பே போனது. 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில் மட்டும் பாம்பு பிடித்து, மண்பானையில் வைத்து, சில வாரங்கள் நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு அந்த நஞ்சு போகிறது. அளவோடு பிடிப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

2017இல் புளோரிடா மாநிலம் மலைப்பாம்பு பிடிக்க இரண்டு இருளர்களை அழைத்தது. அவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் சேர்த்து 68,888 டாலர் ஒதுக்கியது. ‘முதலில் உங்கள் செலவில் வந்து சேருங்கள், பில்லைக் காட்டினால் தருகிறோம்’ என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அந்த இருவருக்கும் 2023இல் நம் நாடு பத்மஸ்ரீ கொடுத்தது. மனசு நிறைந்தது. ஆனால் விருது மேடையில் கைதட்டுகிற நாம், அதே சமூகத்தின் பிள்ளைகள் ஒரு ஜோடி பூட்ஸ் கேட்டால் பில்லைக் கொண்டுவா என்கிறோம். பழங்குடிகளின் மரபறிவு பற்றிக் கருத்தரங்குகள் நடக்கின்றன, அறிக்கைகள் வருகின்றன. அவற்றுக்கெல்லாம் பணம் முன்னதாகவே போய்விடுகிறது. வயலில் நிற்கிறவருக்கு மட்டும் ஏன் கடைசியில்? இதைக் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். மொத்தத் தொகையில் பாதியை முன்பணமாகக் குழுவின் கணக்கில் போடுங்கள். செலவைக் காட்டிய பிறகு மீதியைத் தாருங்கள். சந்தேகம் இருந்தால் உங்களில் ஒருவர் நேரில் வந்து கருவிகளை எண்ணிப் பார்க்கலாம், நாங்கள் கூட்டிப்போகிறோம். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் எலிவேட்டை தொடங்கிவிடும். கருவிகள் அதற்கு முன்னால் கைக்கு வர வேண்டும். உங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொண்டு, முடிவை எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவன்
செங்கல்பட்டு மாவட்டம்