'கோட்டி'க்கு ஒரு வரி போதாது

வட்டார வழக்கு அகராதி தொகுக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். திருநெல்வேலிக்காரன் எழுதுகிறேன். போன வாரம் ஒரு அகராதியில் எங்கள் ஊர்ச் சொல்லான 'கோட்டி'யைத் தேடினேன். 'பைத்தியம் (நெல்லை வழக்கு)' என்று போட்டிருந்தது. அவ்வளவுதான்.

தப்பில்லை. ஆனால் மழையில் நனைந்து வந்த பேரனிடம் முந்தானையை நீட்டி, "கோட்டிக்காரப் பயலே, தலையத் தொவட்டுல" என்கிற ஆச்சி அவனைப் பைத்தியம் என்றா சொல்கிறாள்? "என்னையக் கோட்டியாக்குதியா?" என்றால், ஏமாற்றப் பார்க்கிறாயா என்று அர்த்தம். 'சினிமாக் கோட்டி' என்றால் அது வெறி. மனநலம் குன்றித் தெருவில் திரிகிறவரைப் பார்த்துப் பையன்கள் அதே சொல்லைக் கத்தும்போது அது கல்லெறிதான். அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

சரி, சொல்லின் பிறப்புக்கு வருவோம். வள்ளுவர் 401ஆம் குறளிலும் 720ஆம் குறளிலும் 'கோட்டி கொளல்' என்கிறார். அங்கே கோட்டி என்றால் அவை, அவையில் பேசுவது. பள்ளியில் 720ஐ நடத்தியபோது எங்கள் வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் நெல்லைக்காரர்தான், அவராலும் அடக்க முடியவில்லை. (அந்தக் குறளில் வரும் 'அங்கணம்'கூட எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பெயர்.) இந்தக் கோட்டியை வடமொழி 'கோஷ்டி'யோடு சேர்ப்பார்கள். மாட்டுத் தொழுவத்துக்குக் கோஷ்டம் என்று பெயர். மாடு அடைகிற இடத்துச் சொல் மனிதர் கூடும் கூட்டத்துக்கும் ஆகிவிட்டது. பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியும், செய்தித்தாளில் வரும் கோஷ்டி மோதலும் அதுவேதான்.

அவைக்கும் கிறுக்குக்கும் என்ன உறவு? செங்கோட்டை தாண்டிப் போய்க் கேளுங்கள். மலையாளத்தில் 'கோஷ்டி காட்டுவது' என்றால் முகத்தைக் கோணிச் சேட்டை பண்ணுவது. கூட்டத்தில் பண்ணும் விகடம் சேட்டையாகி, சேட்டை கிறுக்காகியிருக்கலாம். இன்னொரு வழியும் உண்டு. 'கோடு' என்றால் வளைதல். மனம் ஒரு பக்கம் சாயாமல் இருப்பதைத்தான் 115ஆம் குறள் 'கோடாமை' என்கிறது. அப்படிப் பார்த்தால், புத்தி வளைந்து போனது கோட்டி. என் மனசு இந்த வளைவின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் மலையாளச் சேட்டை பக்கத்திலேயே நிற்கும்போது அதைத் தள்ளிவிடவும் மனசில்லை. இரண்டையுமே அச்சிடுங்கள்.

அப்புறம், பொருளுக்குக் கீழே ஒரு வாக்கியமாவது வேண்டும்: யார் சொன்னது, யாரைப் பார்த்து, எந்த ஊரில் என்று. அம்பாசமுத்திரத்தில் கேளுங்கள், சங்கரன்கோவிலில் கேளுங்கள், நாகர்கோவில் பக்கமும் போய் வாருங்கள். கொஞ்சம் சீக்கிரம் போனால் நல்லது. ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். பேரன்கள் வாயில் இப்போது 'லூசு'தான் வருகிறது.

இப்படிக்கு,
தாமிரபரணித் தண்ணீர் குடித்த ஒரு கோட்டிக்காரன்