கிடாவின் வயதும் மகள் கணக்கும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

எருமைக் கிடாவுக்கு வயது ஒரு பொருட்டே இல்லை, தெம்பாக நடக்கும்வரை பொலிக்கு (இணைசேர்க்க) விடலாம் என்று சென்ற இதழின் கால்நடைப் பக்கத்தில் ஒரு வரி வந்திருக்கிறது. கட்டுரையின் மற்ற வரிகளோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்த வரியை நம்பிப் பத்து வயதுக் கிடாவை மந்தையில் வைத்திருப்பவருக்கு ஒரு ஈற்றே போய்விடும். எருமையின் சினைக்காலம் சுமார் 310 நாள் என்பது தாங்கள் அறியாததல்ல.

தவறு எந்த வழியாகப் புகுந்தது என்று ஊகிக்க முடிகிறது. உறைவிந்து நிலையங்களில் வயதான கிடாவிடமும் விந்து எடுக்கிறார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு முறையும் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். உறையவைத்து உருக்கியபின் பாதி அணுக்களாவது நீந்தாவிட்டால் கொட்டிவிடுகிறார்கள். ஊர்க் கிடாவுக்கு நுண்ணோக்கி யார் பிடிப்பது?

கிடா இரண்டு, இரண்டரை வயதிலேயே ஏறத் தொடங்கும். ஏறுவது வேறு, சினை தங்குவது வேறு. முர்ரா இன எருமை என்றால் 3 வயது நிறைந்து, எடை 400 கிலோவை ஒட்டியபிறகே பொலிக்கு விடவேண்டும். முதல் வருடம் 15 எருமைக்கு மேல் கூடாது. முழு வளர்ச்சிக்குப் பின் 25, மிஞ்சினால் 30; வாரத்துக்கு மூன்று முறை போதும். ஏழெட்டு வயதைத் தாண்டினால் உடம்பு கனத்துப் பின்னங்கால் மூட்டும் குளம்பும் கெடும். ஏறும், ஊன்றி நிற்காது. தலைச்சன் கிடேரியின், அதாவது இன்னும் ஈனாத இளம் எருமையின், இடுப்பு நொடிப்பதுதான் மிச்சம். திண்ணென்று இருக்கவேண்டிய விரை கொளகொளத்திருக்கும், அல்லது ஒன்று சிறுத்திருக்கும். இதைவிடக் கேடு, விதை செத்தாலும் கிழக்கிடா அதிகாரத்தை விடாது, இளங்கிடாவை முட்டி விரட்டும். 21 நாளுக்கொரு முறை வரும் சினைப்பருவம் மூன்று தவறினால் மழைக்குப் பிந்தைய நல்ல மாதங்கள் போயே போச்சு. பழி மட்டும் எருமை மேல் விழும். ‘வறடு’ என்று பெயர் வாங்கி அது அடிமாட்டு வண்டியில் ஏறும். பொலிந்த பத்தில் பாதிக்கு மேல் 21ஆம் நாள் வாக்கில் மறுபடி பருவத்துக்கு வந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது கிடாவை.

சரி, வீரியம் குறையாத கிடாவாகவே இருக்கட்டும். மூன்று வயதில் பொலிக்கு விட்டால், அதற்கு நான்கு வயது ஆகும் முன்பே முதல் கன்றுகள் விழுந்துவிடும். அந்தக் கிடேரிகள் இரண்டரை, மூன்று வயதில் பருவத்துக்கு வரும்போது அப்பனுக்கு ஏழு வயதுகூட ஆகியிருக்காது. மந்தையிலேயே நின்றால் மகளை ஏறும். உள்ளினச்சேர்க்கைக் கணக்கில், அதாவது நெருங்கிய இரத்த உறவுகள் கூடுவதை அளக்கும் கணக்கில், இது 25 சதவீதம். கன்று நலிந்து பிறக்கும், பாலும் சினைபிடிப்பும் தலைமுறைக்குத் தலைமுறை தேயும். அதனால் ஒரு மந்தையில் ஒரு கிடாவுக்கு மூன்று வருடம்தான். எருமை வைத்திருப்பவர்கள் கிடாவின் வயதைக் கேட்பது இந்த மகள் கணக்குக்காகத்தான். தங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மாற்றி வாங்கும் கிடாவுக்குக் கன்றுவீச்சு (சினை கலைக்கும்) நோய்க்கான இரத்தப் பரிசோதனையும் குறியுறை கழுவிய நீர்ப் பரிசோதனையும் செய்யவேண்டும். வயது ஏற ஏறக் குறியுறையின் மடிப்புகள் ஆழமாகும். கிருமி அங்கே வருடக்கணக்கில் தங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மே மாத வெயிலில் வெந்த கிடாவின் விந்து தேற ஏறத்தாழ இரண்டு மாதம் பிடிக்கும் என்பதையும் யாராவது எழுதலாம்.

கோபம் இந்த வரியோடு நிற்கவில்லை, மன்னிக்கவேண்டும். போன வருடம் எருமைப் பண்ணைச் செய்திக்கு ஜெர்சி மாட்டின் படம் போட்டீர்கள். கோடைப் பராமரிப்புத் தொடரில், கறுத்த தோலும் குறைந்த வியர்வைச் சுரப்பியும் கொண்டு தண்ணீருக்குத் தவிக்கும் பிராணிக்கு ஒரு பத்தி ஒதுக்கவில்லை. பருவ அறிகுறி என்று பசுவுக்குச் சொல்வதையே எருமைக்கும் எழுதினீர்கள். பருவத்தில் பசுவின் பின்புறம் தொங்கும் கண்ணாடிச் சளி எருமைக்கு அப்படித் தொங்குவது அபூர்வம்; அது படுத்தெழுந்த இடத்தில் சிந்தியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அப்போதும் எழுதினோம். எருமை மேல் மழை பெய்த மாதிரி என்பார்கள். மழை பெய்தால் எருமை சுகப்படும். எங்கள் கடிதம் தங்கள் அலுவலகத்தில் அந்தச் சுகத்தைக்கூட உண்டாக்கவில்லை.

தமிழ்நாட்டு எருமைகள் 2012 கணக்கெடுப்பில் சுமார் 7.8 லட்சம், 2019இல் சுமார் 5.2 லட்சம். இருப்பதையாவது சரியாகச் சினைப்படுத்தவேண்டாமா?

நாங்கள் கேட்பது அடுத்த இதழின் அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம்: பொலிகிடா 3 வயதுக்கு முன் வேண்டாம், ஒரே மந்தையில் 3 வருடத்துக்கு மேல் வேண்டாம். பக்கத்தில் படம் போடுவதானால் எருமைப் படம்.

இப்படிக்கு,
எருமை வளர்ப்போர் சிலர்,
அந்தியூர் வட்டம், ஈரோடு மாவட்டம்