சென்சாரை மாற்றும் முன் ஒரு பல்பு போட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாகனப் பக்கத்தில், இன்ஜின் லைட் எரிந்து ஸ்கேனரில் பி0135 என்ற கோளாறு நம்பர் வந்தால், புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். இதே பேச்சை நம்பி 6,800 ரூபாய் கொடுத்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த நம்பர் சொல்வது, முதல் சென்சாரின் ஹீட்டர் சர்க்கியூட்டில் ஏதோ கோளாறு என்று மட்டும்தான். சர்க்கியூட் என்றால் பேட்டரியில் தொடங்கி பியூஸ், ரிலே, ஒயர், ஒயர்களை இணைக்கும் கப்ளர், சென்சாருக்குள் இருக்கிற ஹீட்டர், அங்கிருந்து இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ வரைக்கும் எல்லாமும் சேர்ந்தது. எங்கே விட்டுப்போனாலும் ஸ்கேனர் காட்டுவது அதே நம்பரைத்தான். கூடவே பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சாருக்கான பி0141-ம் ஒரே நாளில் வந்து நின்றால், இரண்டு ஹீட்டரும் பேசி வைத்துக்கொண்டா செத்துப்போகும்? முதலில் பியூஸைப் பாருங்கள், பல வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே பியூஸ்தான்.

ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்காக: சைலன்சர் பைப்பில் திருகியிருக்கும் இந்தச் சென்சார் சுமார் 300 டிகிரி செல்சியஸ் தாண்டினால்தான் சரியாக வேலை செய்யும். 1976-ல் வால்வோ கார்களில் பாஷ் நிறுவனம் முதன்முதலாக வைத்த சென்சாருக்கு ஹீட்டர் கிடையாது, புகைச் சூட்டிலேயே தானாகக் காய வேண்டியதுதான்; ஹீட்டர் வைத்தது 1982-ல் வந்தது. ஹீட்டர் வேலை செய்யாவிட்டாலும் வண்டி ஓடும், ஆனால் காலையில் எடுத்ததும் சென்சார் சூடாகி அளவு சொல்கிற வரைக்கும் இசியூ ஒரு குத்துமதிப்பில் பெட்ரோல் விட்டுக்கொண்டிருக்கும், அதுவும் கொஞ்சம் தாராளமாகவே. என்னைப் போல உழவர் சந்தைக்கும் பேத்தியின் பள்ளிக்கும் நாலு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிறவர்களுக்கு மைலேஜ் அடிபடுவது அங்கேதான்.

என் கதைக்கு வருகிறேன். மழைக்காலம் முடிந்து லைட் எரிந்தது. ஒர்க்ஷாப்பில் ஸ்கேன் போட்டார்கள், அரை மணி நேரத்தில் புது சென்சாரை மாட்டி, ஸ்கேனரில் அந்த நம்பரை அழித்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் காலை லைட் திரும்ப வந்துவிட்டது. போய்க் கேட்டால், "பீஸே டூப்ளிகேட்டா இருக்கும் சார், வேற போட்டுப் பார்க்கலாம்" என்கிறார்கள். பணம் மட்டும் மறுபடியும் என்னுடையது! ஒரு தடவைகூட யாரும் மீட்டரைக் கையில் எடுக்கவில்லை.

நான் மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மீட்டர் எனக்குப் புதிதல்ல. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் ஜோடியாக வரும் இரண்டு ஒயர்களில் ஓம் அளந்தேன். ஹீட்டர் அந்த இரண்டும்தான். 6 ஓம் காட்டியது. இது வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் ஹீட்டர் அறுந்திருந்தால் மீட்டர் எதையுமே காட்டாது. அப்படியானால் தாராளமாகச் சென்சாரை மாற்றுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. மற்ற இரண்டு ஒயர்கள் சிக்னலுடையவை, அவற்றில் ஓம் அளக்கப் போகாதீர்கள்.

அப்புறம் சாவியைப் போட்டு, வண்டியிலிருந்து வரும் பக்கத்துக் கப்ளரில் வோல்ட் பார்த்தேன். 12.3. எல்லாம் சரி என்று யாரும் இங்கே விட்டுவிடுவார்கள். ஆனால் வீட்டில் டெஸ்டர் எரியும், ஃபேன் சுற்றாது, பார்த்திருப்பீர்கள். வோல்ட் இருப்பது வேறு, லோடு கொடுத்தால் தாங்குவது வேறு. மீட்டர் இழுக்கிற கரண்ட் ஒன்றுமேயில்லை, ஹீட்டரோ இரண்டு ஆம்பியர் கேட்கும். அதனால் இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரை பற்றவைத்து, ஒன்றை அந்த சப்ளை பின்னிலும் மற்றதைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். பல்பு ஊதுவத்தி நுனி மாதிரி சிவந்தது, அவ்வளவுதான். பல்பு மாட்டியபடியே மீட்டரை வைத்தால் 4 வோல்ட்டுக்கும் கீழே.

கப்ளருக்குப் பின்னால் இருந்த ரப்பர் சீலைத் தள்ளி இன்சுலேஷனைச் சீவினேன். உள்ளே செம்பு பச்சையாகப் பூத்துப்போய், இரண்டோ மூன்றோ இழைதான் மிச்சம். கடலூரில் கடல் காற்று, போதாததற்குத் தெருவில் தேங்கிய மழைத்தண்ணீர், வேறென்ன ஆகும். நல்ல ஒயர் தெரிகிற வரை வெட்டி, புதுப் பின் போட்டதில் 180 ரூபாய் ஆனது. பல்பு பளிச்சென்று எரிந்தது.

எதிர்ப்பக்கம், அதாவது இசியூ எர்த் கொடுக்கிற பக்கத்தைச் சோதிப்பதானால் இந்தப் பெரிய பல்பு வேண்டாம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து கப்ளரின் அந்தப் பக்கத்துப் பின்னுக்கு 5 வாட் பல்பு ஒன்றை மாட்டி இன்ஜினை ஓடவிட்டால், இசியூ விட்டுவிட்டுத்தான் எர்த் கொடுக்கும் என்பதால் மினுக்கும், இல்லை மங்கலாக எரியும். அசையவே இல்லையென்றால் அந்த ஒயரைத் தொடர்ந்து பாருங்கள், இசியூவைக் குறை சொல்வது கடைசியில்.

ஒர்க்ஷாப் நடத்துகிறவர்களுக்கு என் மேல் கோபம் வரலாம், வரட்டும். சென்சார் மாற்றினால் பில்லில் எத்தனை ஓம், எத்தனை வோல்ட் என்று அளந்ததை எழுதிக் கொடுங்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்க வேண்டும். நீங்களும் அடுத்த முறை இதைச் சேர்த்துப் போடுங்கள்.

அவர்கள் கழற்றிப் போட்ட பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி டிக்கியில் வைத்திருந்தேன். ஒயரைச் சரிசெய்த பிறகு அதையே திரும்ப மாட்டி இரண்டு வாரமாக ஓட்டுகிறேன், லைட் வரவில்லை. 6,800 ரூபாய் சென்சார் இப்போது டிக்கியில் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர்.