உரிமைப் பங்கு அறிவிப்பைத் தமிழிலும் தாருங்கள்

மதிப்பிற்குரிய இயக்குநர் வாரியத்தினருக்கு, சுங்கை சிப்புட் வட்டாரச் சிறு பங்குதாரர்களின் வணக்கம்.

பழைய பங்குதாரர்கள் புதிய பங்கைச் சந்தை விலையைவிடக் குறைவாக வாங்கிக்கொள்ளலாம் என்ற உங்கள் உரிமைப் பங்கு வெளியீடு முடிந்துவிட்டது. பணமும் கட்டாமல், உரிமையை விற்கவும் செய்யாமல் விட்டவர்களின் அந்த வாங்கும் உரிமை காலாவதியாகிவிட்டது. அவர்களில் பலர் உங்கள் தோட்டத்திலேயே பால்மரம் சீவி, செம்பனைக் குலை சுமந்து ஓய்வு பெற்றவர்கள். ஆங்கிலத்தில் வந்த தடித்த சுற்றறிக்கையைக் கம்பெனிக் கடுதாசி என்று சாமி மேடையில் பத்திரப்படுத்தினார்கள். கெடு போய்விட்டது.

இதில் போவது எவ்வளவு? ஒரு மாதிரிக் கணக்கு: பங்கு விலை 1.20 வெள்ளி (ரிங்கிட்), இரண்டு பங்குக்கு ஒரு புதிய பங்கு, 60 காசுக்கு. பழையது இரண்டும் 2.40, புதியது 0.60, ஆக 3.00. மூன்றால் வகுத்தால் பங்கு 1.00 வெள்ளிக்கு இறங்கும். 2,000 பங்கு வைத்திருப்பவர் சும்மா இருந்தால் அவருடைய 2,400 வெள்ளி 2,000 ஆகிவிடும். தமக்கு வந்த 1,000 உரிமையைச் சந்தையில் தலா 40 காசுக்கு (1.00 வெள்ளிப் பங்கை 60 காசுக்கு வாங்கும் உரிமையின் மதிப்பு) விற்றால் அந்த 400 வெள்ளியும் கைக்கு வந்துவிடும். பணம் கட்ட வசதியில்லாதவருக்கு இருக்கும் வழி அது ஒன்றுதான். ஆனால் உரிமையை விற்கும் கடைசி நாள், விண்ணப்பக் கெடுவுக்குச் சில நாள் முன்பே வந்துவிடும். அந்த இரண்டு தேதியைத்தான் தமிழில் எழுதச் சொல்கிறோம்.

நிர்வாகத்துக்குத் தெரிந்தது வெளியாருக்குத் தெரியாதபோது, பங்கு விலை உண்மை மதிப்பைவிட ஏறியிருக்கும் நேரத்தில் புதிய பங்கு விற்கத் தோன்றும் என்று நிதித்துறை ஆய்வாளர்கள் மையர்ஸும் மஜ்லுஃபும் 1984லேயே காட்டினார்கள். 1970 முதல் 1990 வரை கூடுதல் பங்கு வெளியிட்ட அமெரிக்க நிறுவனங்கள், அடுத்த ஐந்தாண்டில் ஆண்டுக்குச் சராசரி 7 விழுக்காடே ஈட்டித் தந்தன என்பது லௌரன், ரிட்டர் இருவரின் 1995ஆம் ஆண்டு ஆய்வு. அந்தக் கணக்கை நம் சந்தைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும், திரட்டும் பணம் மறுநடவுக்கா, கடனடைக்கவா என்று கேட்க அது போதும். பழைய பங்குதாரர் எல்லாரும் வாங்கவோ விற்கவோ முடிந்தால்தான் உரிமைப் பங்கில் யாருக்கும் நட்டமில்லை. புரியாதவர் விட்ட உரிமை கூடுதலாக விண்ணப்பித்தவர் கைக்குப் போகிறது.

தோட்டம் கைமாறியபோதும், தொழிலாளர் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னபோதும் இந்த ஊருக்குப் புரியாத மொழியில்தான் கடிதம் வந்தது. அந்தக் கோபத்தை இங்கே கொட்ட வரவில்லை.

அடுத்த வெளியீட்டிலாவது தமிழில் ஒரே ஒரு பக்கம் சேர்த்து அனுப்புங்கள்: இரண்டு தேதி, மேலே உள்ளது போல் ஒரு கணக்கு, பணம் எதற்கு என்ற விவரம். தயவுசெய்து வரும் ஆண்டுக்கூட்டத்துக்கு முன் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் சிறு பங்குதாரர்கள்