கோட்டை மாரியம்மன் வரை நடந்துபோக ஒரு பாதை வேண்டும்

சேலத்தின் தெருக்களுக்கும் பிளாட்பாரங்களுக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு நடந்துபோகிற வழி எப்படி இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை மனு வந்திருக்கிறது என்பதும் உங்களுக்கே தெரியும். அதில் இரண்டு என்னுடையவை. இந்த ஆடியில் நடந்ததற்கு அப்புறம் மூன்றாவதாக ஒன்று எழுதிப் பெட்டியில் போட மனம் வரவில்லை, அதனால் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து ஆடியில் மாவிளக்கு எடுக்கத் தவறியதில்லை. இந்த முறையும் நான் ஒரு கையில் கூடையும் மறுகையில் அம்மாவின் கையுமாக நடந்தேன். பிளாட்பாரம் இருக்கத்தான் செய்தது, ஆனால் அதன்மேல் வரிசையாக டூவீலர்கள் நின்றன, வண்டிகள் முடிகிற இடத்தில் சாக்கடைமேல் போட்ட சிலாப்பு உடைந்து கம்பி தெரிந்தது, அதைத் தாண்டினால் ஒரு டிரான்ஸ்பார்மர். வேறு வழியில்லாமல் ரோட்டில் இறங்கினோம். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடிக்க, அம்மா பதறிப்போய் என் கையை உதறிவிட்டு மறுபடி மேலே ஏறப்பார்த்தார். கால் அந்த உடைந்த சிலாப்பின் இடுக்கில் இறங்கிவிட்டது.

இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. மாவிளக்குத் தட்டு சாக்கடைக்குள் போனது. அடிபட்ட வலியைவிட அதுதான் அம்மாவுக்குப் பெரிதாக இருந்தது, சாமிக்குக் கொண்டுபோனது இப்படி ஆயிடுச்சே என்று ஆஸ்பத்திரியில் அழுதார். கட்டுப் பிரித்த அன்று, "இனிமே நான் வரல கண்ணு, வீட்டுல இருந்தே கும்பிட்டுக்கறேன்" என்றார். நடந்தால் பத்து நிமிஷம் ஆகாத தூரம் அது. எட்டுப் பேட்டைக்கும் தாய் என்று நாம் சொல்கிற அம்மனை, அதே ஊரில் இருக்கும் ஒரு பெண் இனிமேல் போய்ப் பார்க்க முடியாது.

இதைப் படிக்கும்போதே உங்களில் சிலர் கூட்டம், திருவிழா நேரம் என்று காரணம் தேடுவீர்கள். அதனால்தான் இன்னொரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

போன மார்ச்சில் கம்பெனி வேலையாக சிங்கப்பூர் போயிருந்தேன். ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் எனக்கென்று கிடைத்தது, கூட யாரும் இல்லை. காலையில் தேக்கா சந்தையில் சாப்பிட்டுவிட்டு சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டேன். அங்கிருந்து அரபு தெருப் பக்கம் நடந்து சுல்தான் பள்ளிவாசல். அதன் தங்கநிறக் குவிமாடத்தின் அடியில் கறுப்பாக ஒரு பட்டை ஓடும், அது ஏழைகள் கொடுத்த கண்ணாடிப் பாட்டில்களின் அடிப்பாகம். அப்புறம் ஆற்றங்கரைக்கு வந்தேன். 1869இல் கட்டிய கேவனா பாலம் அங்கே இருக்கிறது. 1910இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் பழையதை நடப்பவர்களுக்கே விட்டுவிட்டார்கள், இன்றுவரை அப்படித்தான். பாலத்தைத் தாண்டி சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில், 1827இல் வந்தது. சாயங்காலம் அந்தக் கோபுரத்தின் முன்னால் நின்றபோதுதான் யோசித்தேன், பகல் முழுக்க நடந்திருக்கிறேன், ஒரு இடத்தில்கூடத் தலைகுனிந்து தரையைப் பார்த்து நடக்கவில்லை. அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிவர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சிக்னலில் அம்மா வயதுள்ள ஒரு பாட்டி தன் பயண அட்டையைக் கம்பத்திலிருந்த பெட்டியில் வைத்தார். வயதானவர்கள் அப்படி வைத்தால் பச்சை விளக்கு சில நொடி கூடுதலாக எரிகிறது, 2009இலிருந்து இருக்கும் ஏற்பாடாம். அந்தப் பாட்டி அவசரமே இல்லாமல் கடந்து போனார்.

அது பணக்கார ஊர், நம்மால் முடியுமா என்பீர்கள். அங்கே பழைய கடைத்தெருக்களில் கடைக்கு முன்னால் கூரை போட்ட நடை ஒன்று தொடர்ந்து போகும், ஐந்தடிப் பாதை என்று பெயர். வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் முன்னால் இப்படி வழி விட வேண்டும் என்ற விதி 1822இல் வந்தது. அப்போது அது பணக்கார ஊர் இல்லை. நம் ஊரில் மட்டும் என்ன, அக்ரகாரத்து வீடுகளில் வழிப்போக்கர் உட்காரத் திண்ணை கட்டியவர்கள்தானே நாம்? 2020இல் ஐந்து ரோடு சந்திப்பில் ஈரடுக்கு மேம்பாலம் திறந்தோம். பாலத்துக்கு மேலே வண்டி போக வழி பண்ணத் தெரிந்த நமக்கு, கீழே நடக்கிற ஆளுக்கு ஒரு சிலாப்பு மாற்ற முடியாதா?

விதிகளும் இல்லாமல் இல்லை. நடைபாதையில் நடக்க மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் விட வேண்டும் என்று சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி சொல்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடப்பவர்களுக்கு நல்ல நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றே சொல்லிவிட்டது.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு மறுநாள் லாரியோடு வந்து பூக்கார அம்மாக்களையும் தட்டுவடை செட் போடுகிறவர்களையும் விரட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் அதுதான் நடக்கிறது, கோபமாக இருக்கிறது. அன்றைக்கு அம்மாவைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தது ஒரு பூக்காரம்மாதான். தெருவியாபாரிகளுக்கு 2014இல் வந்த சட்டம் இருக்கிறது, அதன்படி அவர்களுக்கும் இடம் ஒதுக்கலாம். வழியை அடைத்தது அவர்கள் இல்லை.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிய காரியம் இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டை மாரியம்மன் வரை, ரோட்டில் இறங்காமல் நடந்துபோக ஒரு பாதை. உடைந்த சிலாப்புகளை மாற்றிக் கொடுங்கள், வண்டிகள் ஏறாதபடி கம்பி நட்டுவையுங்கள், வயதானவர்கள் கடந்து முடிக்கிற அளவுக்கு சிக்னலில் நேரம் கொடுங்கள். அடுத்த ஆடியில் பூச்சாட்டுவதற்கு முன்னால் முடித்துக் கொடுத்தால் போதும்.

இந்த மடலைப் பற்றி அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடமிருந்து பதில் வந்த பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன்.